கண்ணால் கண்டே

என் அண்ணிக்கு வேலை போனது, அவர் கண்ணாடி வாங்கிய அதே மாதத்தில். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. அது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது. அதற்குள் என்னால் ஆன கெடுதலை நானும் செய்து முடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘ஐஸக்கா’ என்று பெயர். மருந்துக் கிடங்கில் உதவியாளர். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்தெல்லாம் குளிரிலேயே இருக்க வேண்டும். குளிர் குறைந்தால் மருந்தின் வீரியம் போய்விடும், பார்வைக்கு மட்டும் அப்படியே இருக்கும். அந்த மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜுக்கு இருபத்திரண்டு வருஷம் காவல் இருந்தவர் அண்ணி. காலையில் கிடங்கைத் திறப்பார். பெட்டியில் ஐஸ் பைகளை அடுக்கி, நடுவில் மருந்தை வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு குழந்தைகள் பிரிவுக்கு நடப்பார். மதியம் காலிப் பெட்டியைக் கழுவிக் கவிழ்ப்பார். மாட்டி மாட்டி அவருடைய இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிப்போயிருந்தது. தையற்காரர் அளவெடுக்கும்போது, “நேரா நில்லுங்கம்மா” என்பார். “நேராத்தான்யா நிக்கிறேன், உன் டேப்பை ஒழுங்கா பிடி” என்பார் அண்ணி.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. வந்த இரண்டாவது வாரமே, பரீட்சையன்று காலை, காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருந்த என் நெற்றியில் புறங்கையை வைத்தார். ஒரு நொடிதான். “இது காய்ச்சல் இல்ல, கணக்கு” என்று சொல்லிப் போர்வையை உருவிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாச் சூட்டுக்கும் குளிருக்கும் அவர் புறங்கைதான் தீர்ப்பு. குளிக்கிற தண்ணீர், பிள்ளைகளின் கழுத்து, டீ டம்ளர், எதையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அது தப்பியதில்லை.

அண்ணன் லாரி ஓட்டினான். ஒரு மழைநாளில் வளைவில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அண்ணி கைக்குழந்தையோடு நின்றார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து, ஏழெட்டு வருஷம் துடைத்து, பிறகுதான் கிடங்குக்குள் போனார். மகளைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். கீழ் வீட்டில் அவர், மாடியில் நானும் என் மனைவியும். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. “அதுக்கப்புறம் எந்தக் கதவையும் பூட்ட மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃப்ரிட்ஜின் மேல் ஒரு நோட்டு இருக்கும். அதோடு நூலில் கட்டிய பேனா. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, உள்ளே மூலையில் மாட்டியிருக்கும் வெப்பநிலைக் கருவியைப் பார்த்து, அது காட்டும் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டிலிருந்து எட்டு வரை இருக்கலாம் என்பது விதி. எல்லாரும் நாலு என்று எழுதுவார்கள். நாலு என்று எழுதினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நோட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக நாலுதான். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், இந்த ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று குறிப்பே எழுதிவிட்டுப் போனாராம். அந்த ஆள் எந்தக் கண்ணால் பார்த்தாரோ.

அண்ணியின் மகள் வந்திருந்தபோது பிடித்து இழுத்துப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினாள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த அண்ணி அண்ணாந்து பார்த்தார். “இவ்வளவு ஒட்டடையோடயா நாம குடித்தனம் பண்ணோம்?” என்று துடைப்பத்தை எடுத்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த என்னை ஏற இறங்கப் பார்த்து, “தம்பி, உங்களுக்கு வயசாயிடுச்சு” என்றார். என் மனைவி அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் காலை கிடங்கைத் திறந்து, ஃப்ரிட்ஜைத் திறந்தார். மூலையில் இருந்த கருவியில் பதின்மூன்று என்று இருந்தது. நோட்டை எடுத்து ‘13’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு போய் மருந்தாளுநரைக் கூப்பிட்டார். கிடங்குக்குப் பொறுப்பான அந்த மனிதரை எல்லாரும் ஸ்டோர் ஐயா என்பார்கள். அவர் வந்து கருவியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். முதலில் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல.

“இதை ஏம்மா எழுதினீங்க? என்னை முதல்ல கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

“இருக்கிறதைத்தானேங்க எழுதினேன்.”

“இருக்கிறதை எழுதினேன்னு சொல்றீங்க. இப்ப எல்லாரும் மாட்டிக்கிட்டு முழிக்கணும்.”

ஆனால் எல்லாரும் முழிக்கவில்லை. மருந்து முழுவதையும் கறுப்புப் பைகளில் கட்டி அப்புறப்படுத்தினார்கள். பத்தே நாளில் விசாரணை முடிந்தது. முந்தின நாள் காலை நாலு, முந்தின நாள் சாயங்காலம் நாலு, மறுநாள் காலை பதின்மூன்று. பதின்மூன்றின் பக்கத்தில் இருப்பது யார் கையெழுத்து? சாவி யாரிடம் இருந்தது? காலையில் ஐஸ் பை எடுத்துவிட்டுக் கதவைச் சரியாக மூடாமல் போயிருக்கிறார், அதனால் மருந்து வீணானது என்று எழுதி, பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடிதத்தில் ‘அலட்சியம்’ என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது.

உண்மை என்னவென்றால், ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதை ஸ்டோர் ஐயாவிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். வாயால்தான். பழுது பார்க்க வந்த மெக்கானிக், ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்து, “இது ஒரு வாரமாவே மூடியிருக்காதேம்மா” என்றாராம். அதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று நான் அவரைத் தேடிப்போய்க் கேட்டபோது, ரப்பர் மாற்றியதற்கு ரசீது வேண்டுமானால் தருகிறேன் என்றார்.

கடிதம் வந்த அன்று அண்ணி அழவில்லை. மேசைமேல் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு என்னிடம், “வேலை போனாலும் போகட்டும் தம்பி. இந்த ஒரு வார்த்தையை எடுத்துடச் சொல்லி எழுதுங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்காம நான் வந்ததில்ல” என்றார்.

என் இரத்தம் கொதித்தது. நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். கடிதம் எழுதுவதுதான் என் பிழைப்பு. என் வரைவில் மேலதிகாரிகள் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். ‘வார்த்தையை எடுக்கச் சொல்லுவதா? வேலையையே திருப்பி வாங்கித் தருகிறேன் பாருங்கள்’ என்று உட்கார்ந்தேன். நாலு பக்கத்துக்கு மேல்முறையீடு எழுதினேன். வாதம் எளிமையானது. ரப்பர் இரவோடு இரவாகப் பழுதாகிவிட்டது. காலையில் வந்தவுடன் அதைக் கண்டுபிடித்து, மறைக்காமல் எழுதி, மேலே சொன்னவர் இவர். இப்படிப்பட்ட ஊழியருக்குப் பாராட்டுக் கொடுக்க வேண்டிய நேரத்தில் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள். படித்தால் கல்லும் கரையும் என்று நினைத்தேன்.

அதில் ஒரு வரி எழுதினேன். ‘இருபத்திரண்டு ஆண்டுகளாக, ஒரு நாள் தவறாமல், ஒரு வேளை தவறாமல், கருவியைப் பார்த்தே பதிவு செய்துள்ளேன்.’ எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. ‘பார்த்தே’ என்பதை அடித்துவிட்டு ‘கண்ணால் கண்டே’ என்று போட்டேன். இப்போது வரி நிமிர்ந்து நின்றது.

அண்ணி கையெழுத்துப் போட வந்தார். “எல்லாம் சரியா இருக்கா தம்பி? படிச்சுப் பார்க்கட்டுமா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “நான் எழுதினதுல நீங்க என்ன அண்ணி படிச்சுப் பார்க்கப் போறீங்க?” என்றேன். அவர் உடனே பேனாவை வாங்கி, நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்தில் அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். பார்த்தும் என் கடிதத்தை மடிப்பதிலேயே குறியாக இருந்தேன்.

இடையில் ஒரு நாள் ஒருத்தி வந்தாள். கிடங்கில் சாயங்கால வேலை பார்ப்பவள், நீளமான பின்னல், அதனால் பின்னல் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். முந்தின நாள் சாயங்காலம் நாலு என்று எழுதியது அவள்தான். ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து, வாசலிலேயே அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அக்கா, என்னை மட்டும் இழுத்து விட்டுடாதீங்கக்கா. வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடக்கிறார்.”

“உன்னை எதுக்குடி இழுக்கப்போறேன்? கண்ணைத் துடை. பழத்தை நீயே கொண்டு போய் அவருக்குக் கொடு.”

நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் போனதும், “அவ நாலு போட்டதாலதானே அண்ணி உங்க தலையில விடிஞ்சுது?” என்றேன். “அவ தலையிலயும் விடியணுமா?” என்று கேட்டுவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார்.

மேல்முறையீட்டு விசாரணை ஆஸ்பத்திரியின் அலுவலக மாடியில் நடந்தது. கூட ஒருவர் வரலாம், ஆனால் பேசக் கூடாது என்று அழைப்பில் போட்டிருந்தது. பேசத் தெரிந்தவனைப் பேசாமல் உட்காரவைப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நீளமான மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரி. ஒரு பக்கம் பணியாளர் பிரிவுக்காரர், அவர் கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. இன்னொரு பக்கம் குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா. அண்ணிக்குக் கொடுத்த நாற்காலியின் ஒரு கால் குட்டை. அசையும்போதெல்லாம் அது டக் டக் என்றது. அண்ணி அசையாமல் இருக்கப் பார்த்தார்.

தலைவர் என் கடிதத்தைப் படித்தார். எனக்குத் தெரிந்தது, அவருக்குப் பிடித்திருந்தது. அந்த வரி வந்ததும் நிறுத்தி, வாய்விட்டே படித்தார். “‘ஒரு நாள் தவறாமல், ஒரு வேளை தவறாமல், கருவியைக் கண்ணால் கண்டே பதிவு செய்துள்ளேன்.’ ம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வேற புகார் எதுவும் இல்ல.” பணியாளர் பிரிவுக்காரரைப் பார்த்து, “ரப்பர் போனதுக்கு இந்தம்மா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டார். அவர் கோப்பில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணியின் பக்கம் திரும்பிக் கண்ணால் சொன்னேன்.

அப்போது டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கோபமில்லாத குரல்.

“அம்மா, எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியணும். முந்தின நாள் வரைக்கும் நீங்க நாலுன்னு போட்டிருக்கீங்க. அது பார்த்துப் போட்டதுதானே? அப்ப அதுக்கு முன்னாடி நான் குழந்தைங்களுக்குப் போட்ட ஊசியெல்லாம் நல்ல மருந்துதான். அப்படி எடுத்துக்கலாமா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். முந்தின நாள் வரை எல்லாம் நன்றாக இருந்தது, இரவில் ரப்பர் போனது, காலையில் அண்ணி கண்டுபிடித்தார். என் நாலு பக்கமும் அந்த ஒரு சொல்லில் போய் உட்கார்ந்துவிடும். நான் தலையை ஆட்டினேன், சொல்லுங்கள் என்று. அண்ணி என்னைப் பார்த்தார். நாற்காலி டக் என்றது.

“இல்லைங்க” என்றார். “கண்ணால் கண்டேன்னு எழுதினது தம்பி. நான் தொட்டுப் பார்ப்பேங்க.”

“தொட்டுப் பார்ப்பீங்களா?”

“கையை உள்ள விட்டுப் பார்ப்பேன். சில்லுன்னு இருந்தா நாலுன்னு போட்டுடுவேன். அந்த நம்பர் பொடிசா இருக்குங்க, எனக்குத் தெரியாது. தொட்டுப் பார்க்கிறதும் பார்க்கிறதுதானேன்னு இருந்துட்டேன்.”

‘பார்த்தே’ என்று நான் விட்டுவைத்திருந்தால் அண்ணி ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம். தொட்டுப் பார்த்தார், பார்த்தார், அதில் பொய் இல்லை. வரி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று கண்ணைக் கொண்டுபோய் நட்டது நான்.

“அப்ப அன்னிக்கு மட்டும் எப்படிப் பதிமூணுன்னு போட்டீங்க?” என்றார் டாக்டரம்மா.

“கண்ணாடி புதுசுங்க” என்று அண்ணி மூக்கின்மேல் இருந்ததைத் தொட்டுக் காட்டினார். “அன்னிக்குத்தான் முதல் நாள் போட்டுட்டுப் போனேன். நம்பர் தெரிஞ்சுது, எழுதினேன்.”

“அன்னிக்குக் கையை விட்டுப் பார்த்தீங்களா?”

“பார்த்தேங்க.” புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். “அன்னிக்கும் சில்லுன்னுதான் இருந்துச்சு. கைக்கு வித்தியாசமே தெரியல.”

டாக்டரம்மா ஒரு தாளை இழுத்து எதையோ எழுத ஆரம்பித்தார். பணியாளர் பிரிவுக்காரர் முதல் தடவையாகக் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

“எல்லாருமே இப்படித்தான் பார்க்காம நாலு போடுவாங்களா?” என்று கேட்டார்.

அண்ணி மேசையைப் பார்த்தபடி, “மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. நான் போட்டேன்” என்றார்.

வெளியே வந்ததும் நடைபாதையிலேயே நான் சத்தம் போட்டேன். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஒரு ஆமாம் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? கைக்கு எட்டினதைக் கோட்டை விட்டுட்டு வந்து நிக்கிறீங்களே அண்ணி! நான் எதுக்கு ராவும் பகலுமா எழுதினேன்?”

அண்ணி சுவரோரமாக நின்றார். இறங்கிய தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, மெக்கானிக் ஒரு வாரமா மூடியிருக்காதுன்னு சொன்னார் இல்ல? அந்த ஒரு வாரமும் பெட்டியைத் தூக்கிட்டுப் போனது நான்தானே? வரிசையில நிக்கிற ஒவ்வொரு குழந்தை முகமும் எனக்குத் தெரியும். ஊசி குத்தினா வீல்னு கத்தும். கத்தினதுதான் மிச்சம், உள்ள போனது வெறும் தண்ணி. அந்தம்மா அதைத்தானே கேட்டாங்க. ஆமாம்னு சொன்னா அந்தக் குழந்தைங்களை யார் மறுபடி கூப்பிடுவாங்க?”

எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை. வெட்கத்தை மறைக்கக் கோபத்தைவிட வசதியான போர்வை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் அவருக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து, வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. அண்ணி தானே பிரித்துப் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். ‘அலட்சியம் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. அது நீக்கப்படுகிறது.’ அடுத்த பத்தி. ‘எனினும், மேல்முறையீட்டாளர் தெரிந்தே பொய்யான பதிவுகளைத் தொடர்ந்து செய்துவந்ததை ஒப்புக்கொண்டுள்ளார். எனவே பணிநீக்கம் உறுதி செய்யப்படுகிறது. இந்த முடிவே இறுதியானது.’ எழுதியவன் என்னைப் போல எழுத்தர் ஜாதி. ஒரு சொல்லையும் அசைக்க முடியாது.

“நான் கேட்ட வார்த்தையை எடுத்துட்டாங்க பாருங்க” என்றார் அண்ணி.

“எடுத்துட்டு என்ன போட்டிருக்காங்கன்னு பார்த்தீங்களா?”

“பொய்னு போட்டிருக்காங்க. நாலுன்னு எழுதினது பொய்தானே தம்பி. அதுல என்ன?”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணன் போனபோதுகூட அவ்வளவு அழவில்லை.

சீருடைக் கோட்டையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். குழந்தைகள் பிரிவைத் தாண்டித்தான் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிக்குள் தடுப்பூசி போட்ட குழந்தைகளை மறுபடி அழைத்து வரவும். ஏன் என்று அதில் இல்லை. வரிசை வாசல் வரை நின்றது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் பொரிந்து கொண்டிருந்தாள்.

“குத்தினதையே மறுபடி குத்தணுமாம். போன தடவையே ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்துச்சு. எவளோ மருந்தைக் கெடுத்து வெச்சிருக்கா. அவ கை விளங்காமப் போக.”

அண்ணி நின்றார். நான் அவர் முழங்கையைத் தொட்டு, போகலாம் என்றேன். அவர் வரிசையை முன்னாலிருந்து பின்னால் வரை கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, “நிறையப் பேர் வந்திருக்காங்க” என்றார். பிறகுதான் நடந்தார்.

கிடங்கில் பின்னல் இருந்தாள். இப்போது காலை வேலையும் அவளுக்குத்தான். அண்ணியைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். “உங்களாலதான்க்கா என் வீட்டுல அடுப்பு எரியுது” என்றாள். கோட்டை வாங்கி மடித்து வைத்தாள். ஒப்படைப்புப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். அண்ணி அதை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஃப்ரிட்ஜுக்குப் புது ரப்பர் போட்டிருந்தார்கள். அதோடு கதவிலேயே, வெளிப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புதுக் கருவி மாட்டியிருந்தார்கள். சிவப்பு எழுத்து. வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது, ஆறு. அதற்கு மேலே அதே நோட்டு, நூலில் அதே பேனா. அண்ணி நோட்டைத் திருப்பினார். அன்றைய தேதிக்குக் காலை நாலு, சாயங்காலம் நாலு. மணி அப்போது பதினொன்றுகூட ஆகவில்லை.

“ஆறுன்னு காட்டுதுடி.”

“ஆறுன்னாலும் சரிதானேக்கா. எட்டு வரைக்கும் இருக்கலாமே.”

“அப்ப ஆறுன்னே எழுதலாமே.”

பின்னல் சிரித்தாள். குழந்தைக்குச் சொல்வது போல், “எப்பவும் நாலுதானேக்கா எழுதுவோம்” என்றாள்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். அதை அவளிடம் நீட்டினார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். “உனக்கும் நம்பர் சரியா தெரியலையா? இதைப் போட்டுப் பாரு.”

“ஐயோ, எனக்கு நல்லாத் தெரியுதுக்கா” என்றாள் பின்னல். “கண்ணெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல.”

நோட்டைப் பிடுங்கி ஸ்டோர் ஐயா முகத்தில் வீச வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. அண்ணி கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பழக்கதோஷம், போகும்போது ஃப்ரிட்ஜ் கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். அது மூடித்தான் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. நிழலுக்காக இருவரும் ஒரு கம்பத்தின் பின்னால் நின்றோம். அண்ணி பையைத் திறந்து ஆணையை எடுத்தார். கூட்டத்தில் நின்றபடியே படித்தார். விரலை ஓர் இடத்தில் வைத்து என்னிடம் காட்டினார்.

“இங்க ‘தெரிந்தே’ன்னு போட்டிருக்காங்களே தம்பி. இதை நான் அன்னிக்குச் சரியா கவனிக்கல. அவளுக்குத் தெரியுது. எனக்கு நிஜமாவே தெரியலையே.”

அந்த விரலுக்கு இரண்டு வரி கீழே, இந்த முடிவே இறுதியானது என்று இருந்தது. அப்படி முடிகிற கடிதங்களை நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிற கடிதங்களை எந்தக் கட்டில் போட்டு எந்த அலமாரியில் தள்ளுவோம் என்பதும் எனக்குத் தெரியும்.

“பொய்ங்கிறதை வேணா அவங்க வெச்சுக்கட்டும். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஒரு லெட்டர் எழுத முடியுமா?” என்று கேட்டார்.

“எழுதலாம் அண்ணி” என்றேன்.

பஸ் வந்தது. ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இந்தத் தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.”